லோக்கம் டாக்டர் வேண்டும்: வாசகர் கேள்வி-பதில்

ஆஸ்திரேலியச் சிற்றூர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குத் தற்காலிகமாக டாக்டர்களை, அதாவது லோக்கம்களை, அமர்த்துவது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: விக்டோரியாவின் மல்லி வட்டாரத்தில் ஒரு சிறிய மருத்துவமனையின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். எங்களுக்கு நிரந்தர டாக்டர்கள் இரண்டே பேர். ஒருவர் விடுப்பில் போனால் விளம்பரம் கொடுத்தும் ஆள் வருவதில்லை. ஒருமுறை வந்தவரும் மறுபடி வருவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் விடுப்புக் கணக்கைப் போடுங்கள். ஒருவருக்கு விடுப்பு ஐந்து வாரம், பயிற்சி வகுப்பு இரண்டு வாரம் என்றால், இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 14 வாரம் ஆள் இல்லை. இந்த 14 வாரமும் ஜனவரியிலேயே தெரிந்த விஷயம். ஆனால் பல இடங்களில் மூன்று வாரம் இருக்கும்போதுதான் ஏஜென்சிக்குப் போன் போகிறது. அன்றே டாக்டர் கிடைத்தாலும், அவருடைய தகுதிகளைச் சரிபார்த்து, உங்கள் மருத்துவமனையில் என்னென்ன சிகிச்சை செய்யலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுக்க நான்கு முதல் எட்டு வாரம் ஆகிவிடும். 12 வாரத்துக்கு முன்பே தேதிகளை அறிவித்துவிடுங்கள்.

அடுத்தது விளம்பரம். அழகான ஊர், அன்பான ஊழியர்கள் என்றெல்லாம் எழுதுவதால் பயனில்லை. டாக்டர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. ட்ரியாஜில், அதாவது அவசரத்தின் அளவுப்படி நோயாளிகளைப் பிரிப்பதில், ஒன்றாம் வகை (உடனே பார்க்க வேண்டியது), இரண்டாம் வகை (10 நிமிடத்துக்குள்) நோயாளிகள் வாரத்துக்கு எத்தனை பேர்? இரவு பத்து மணிக்கு மேல் எத்தனை முறை எழுப்புவார்கள்? எக்ஸ்ரே எடுப்பது யார், எந்த நேரம் வரை? எந்த ரத்தப் பரிசோதனைகளை உள்ளேயே செய்ய முடியும்? பிரசவம் பார்ப்பதுண்டா? மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடும்போது பக்கத்தில் நிற்கப் பழகிய இரண்டாவது ஆள் யார்? வார்டு நோயாளிகளையும் முதியோர் இல்லத்தையும் அவரே பார்க்க வேண்டுமா?

கடைசிக் கேள்வியை மறைப்பதுதான் பெரிய தவறு. நகரத்து அவசரப் பிரிவில் பழகிய நிபுணருக்கு வார்டு ரவுண்ட்ஸும் முதியோரின் மருந்துச் சீட்டும் அன்றாட வேலையல்ல. வந்து இறங்கிய பிறகு அதைத் தெரிந்துகொள்கிறவர் மறுபடி வரமாட்டார். உங்களுடையதைப் போன்ற இடத்துக்கு, மயக்க மருந்திலோ அவசர சிகிச்சையிலோ கூடுதல் பயிற்சி பெற்ற ரூரல் ஜெனரலிஸ்ட் (ஊர்ப்புறத்தில் பலவகைச் சிகிச்சையும் பார்க்கும் பொது மருத்துவர்) பெரும்பாலும் அதிகம் பொருந்துவார். பட்டத்தின் பெயரைப் பார்த்து அமர்த்தாதீர்கள். உங்கள் ஊருக்கு வரும் நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைத் தனியாகக் கையாளத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

14 வாரத்துக்கு 14 புது முகங்கள் வேண்டாம். நான்கு பேரைப் பிடித்து, ஆளுக்கு மூன்று நான்கு வாரம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே பிரித்துக் கொடுங்கள். சரிபார்ப்பு வேலையும் நான்கு பேருக்கு மட்டும்தான். முதல் நாள் பாதியாவது பழைய டாக்டரும் புதியவரும் சேர்ந்து இருக்கட்டும். அந்த அரை நாள் சம்பளத்தை மிச்சம் பிடிப்பவர்கள், மருந்து அலமாரி எங்கே என்று தெரியாத டாக்டரோடு முதல் இரவைக் கழிக்க வேண்டிவரும். தங்குமிடத்தில் போன் சிக்னலும், பகலில் தூங்கக் கனமான திரைச்சீலையும் இருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள்.

ஏஜென்சிகளைப் பற்றி ஒன்று. ஒரே டாக்டரின் பெயரை இரண்டு ஏஜென்சிகள் அனுப்பினால், கட்டணம் யாருக்கு என்ற சண்டை வரும். முதலில் அனுப்பியவருக்கே, அதுவும் டாக்டரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இருந்தால் மட்டுமே என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். யார் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் யார் எவ்வளவு கொடுப்பது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

கேள்வி: மெல்பர்னில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். லோக்கம் போக விருப்பம். எந்தெந்தக் காகிதங்களை முதலில் தயார் செய்வது?

பதில்: அதிக நாள் இழுப்பவற்றை முதலில் தொடங்குங்கள். மெடிகேர் (அரசின் மருத்துவக் காப்பீடு) புரொவைடர் எண், அதாவது அதில் பில் போடுவதற்கான எண், ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனி. உங்கள் கிளினிக்கின் எண் லோக்கம் போகும் இடத்தில் செல்லாது. மருந்துச் சீட்டு எழுதுவதற்கான பிரிஸ்கிரைபர் எண் மட்டும் எங்கும் ஒன்றுதான். நற்சான்று தருபவர்கள், அண்மையில் உங்களோடு அவசரப் பிரிவில் வேலை செய்தவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் போனை எடுக்காததால் தள்ளிப்போன நியமனங்கள் ஏராளம். தடுப்பூசிப் பதிவு, காவல்துறைச் சான்று, குழந்தைகளோடு பணிபுரியும் அனுமதி, உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். சுயவிவரத்தில் வேலை செய்யாத மாதங்கள் இருந்தால் ஒரு வரியில் காரணம் எழுதுங்கள்.

காப்பீட்டில் கவனம் தேவை. பொது நோயாளிகளுக்கு மருத்துவமனையின் காப்பீடு பொருந்தக்கூடும். தனியார் நோயாளிக்கும், மருத்துவ வாரிய விசாரணைக்கும் அது பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் சொந்தக் காப்பீடு அவசரப் பிரிவு வேலையை உள்ளடக்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பயிற்சியில், கடும் விபத்துக் காயங்களுக்கான ஈ.எம்.எஸ்.டி., ஊரக மருத்துவக் கல்லூரி நடத்தும் ரெஸ்ட் (ஊரக அவசர சிகிச்சைப் பயிற்சி) ஆகிய இரண்டும் இந்த வேலைக்கு நேரடியாக உதவும்.

கேள்வி: இலங்கையில் படித்தவன். இங்கே வரையறுக்கப்பட்ட பதிவில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். வார இறுதியில் வேறு ஊருக்கு லோக்கம் போகலாமா? பத்தாண்டு விதி தடுக்குமா?

பதில்: இவை இரண்டு தனித் தடைகள், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் பதிவு குறிப்பிட்ட பதவி, இடம், மேற்பார்வை ஆகியவற்றோடு கட்டுண்டது. மருத்துவ வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் இன்னோர் இடத்தில் ஒரு ஷிஃப்ட்கூடச் செய்யக்கூடாது. ஏஜென்சி 'பரவாயில்லை' என்று சொன்னாலும் பதிவு போவது உங்களுடையதுதான். விசா நிபந்தனையையும் அரசின் விசா சரிபார்ப்புத் தளமான வீவோவில் பாருங்கள்.

பத்தாண்டு விதி, 1973ஆம் ஆண்டு உடல்நலக் காப்பீட்டுச் சட்டத்தின் 19ஏபி பிரிவில் வருவது. வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் பொதுவாகப் பத்தாண்டு வரை மெடிகேரில் பில் போடுவதைத்தான் அது கட்டுப்படுத்துகிறது. மாநில மருத்துவமனை சம்பளம் கொடுக்கும் பொது நோயாளிப் பணியை அது தடுக்காது. பரிந்துரைக் கடிதமும் ஸ்கேன் சீட்டும் எழுத மட்டும் தனியாகப் புரொவைடர் எண் கேட்டு வாங்கலாம்.

கேள்வி: நியமனம் உறுதியாகிவிட்டது. போய் இறங்கியதும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பெட்டியை வைத்துவிட்டு நேராக ரெசஸ் அறைக்கு, அதாவது உயிர்காப்புச் சிகிச்சை அறைக்கு, போங்கள். தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் விளக்கு எரிகிறதா, சக்ஷன் (உறிஞ்சும் கருவி) இழுக்கிறதா, வென்டிலேட்டர் உங்களுக்குப் பழகிய வகையா என்று கையால் இயக்கிப் பாருங்கள். ஓ நெகட்டிவ் ரத்தம் எத்தனை யூனிட், பிரவுன், டைகர் பாம்புகளுக்கான விஷமுறி எத்தனை குப்பி என்று எண்ணுங்கள். மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் மருந்துப் பெட்டியோடு எடைவாரியான அளவு அட்டை இருக்கிறதா? 60 கிலோவுக்குக் கீழ் 30 மி.கி. தொடங்கி, 90 கிலோவும் அதற்கு மேலும் 50 மி.கி. வரை அது மாறும். 75 வயதானவர்களுக்கும் அதற்கு மேற்பட்டவர்களுக்கும் பாதி அளவு போதும் என்பது நடைமுறை. நள்ளிரவில் இதை நினைவிலிருந்து எடுக்க முயலாதீர்கள்.

பிறகு, கடும் நோயாளிகளைப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றும் விக்டோரியாவின் இரண்டு சேவைகளின் எண்களையும் போனில் சேமியுங்கள்: பெரியவர்களுக்கு ஏ.ஆர்.வி., குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பைப்பர். நோயாளியை நிலைப்படுத்தி முடித்த பிறகு அழைப்போம் என்று காத்திருப்பது பொதுவான தவறு. விமானம் வந்து சேரவே பல மணி நேரம் ஆகலாம். சந்தேகம் எழும்போதே அழையுங்கள். பின்னால் வேண்டாம் என்று சொல்வது எளிது.

கேள்வி: வீடியோ வழியே டாக்டர் பார்க்கும் விர்ச்சுவல் அவசரப் பிரிவு இருக்கும்போது லோக்கம் எதற்கு?

பதில்: திரையில் இருக்கும் நிபுணர் இசிஜி பார்ப்பார், மருந்தளவு சொல்வார், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று முடிவெடுக்க உதவுவார். அதனால் இரவில் லோக்கமை எழுப்புவது நன்றாகவே குறையும். ஆனால் நெஞ்சில் குழாய் போட அவருக்குக் கை எட்டாது. இரண்டும் வேண்டும்.

கேள்வி: நான் நர்ஸ். லோக்கம் போன பிறகு வரும் பரிசோதனை முடிவுகளை யார் பார்ப்பது என்று தெரியாமல் தவிக்கிறோம்.

பதில்: நோயாளிக்கு உண்மையான ஆபத்து இங்கேதான். ரத்த வளர்ப்புப் பரிசோதனை (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது), எக்ஸ்ரேயின் முழு அறிக்கை இரண்டும் பெரும்பாலும் டாக்டர் ஊரைவிட்டுப் போன பிறகே வரும். கோரியவரின் பெயருக்குப் போய் அங்கேயே கிடக்கும். எல்லாக் கோரிக்கைச் சீட்டிலும் நிரந்தர டாக்டரின் பெயரையும் நகல் பெறுபவராகச் சேர்க்கச் சொல்லுங்கள். காத்திருக்கும் முடிவுகளுக்கு ஒரு பதிவேடு வைத்து, நோயாளியின் தொலைபேசி எண்ணையும் அதில் எழுதுங்கள். லோக்கம் கிளம்பும் நாளில் அடுத்த டாக்டரோடு உட்கார்ந்து வரிவரியாகக் கைமாற்றட்டும். இருவரின் கையெழுத்தும் விழுந்த பிறகு வீட்டுச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.