சிஸ்பிளாட்டின் ஏற்றியபின் கிரியாட்டினின் ஏன் கூடுகிறது?

மதுரையில் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிப் பாம்பன் திரும்பிய அப்பாவுக்கு ஒரே வாரத்தில் இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவு) 0.9-லிருந்து 1.5 ஆனது, பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், தள்ளிப்போடாதீர்கள். ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கு கூடினாலே அது திடீர் சிறுநீரகப் பாதிப்பு. அடுத்த டோஸுக்கு முன்பே, இன்றே, ரிப்போர்ட்டை மருத்துவருக்கு அனுப்புங்கள். டோஸைக் குறைப்பதா, கார்போபிளாட்டின் என்ற அதே வகை மருந்துக்கு மாற்றுவதா என்பது அவர் முடிவு.

சிஸ்பிளாட்டின் சிறுநீரக நுண்குழாய்ச் செல்களுக்குள் சேர்ந்து அவற்றைக் கொல்கிறது. மெக்னீசியமும் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. அதனால்தான் சலைனோடு மெக்னீசியம் ஏற்றுகிறார்கள். எவ்வளவு ஏற்றினால் சிறுநீரகம் தப்பும் என்பதில் இப்போது ஆய்வுகள் மும்முரம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இன்னொரு இரத்தப் பரிசோதனை சிஸ்டாட்டின் சி. நோயில் தசை கரைந்தவருக்குக் கிரியாட்டினின் குறைவாகவே காட்டி ஏமாற்றும். அந்தக் குறையைச் சிஸ்டாட்டின் சி பெருமளவு ஈடுகட்டும். இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புற்றுநோய் சிகிச்சை) எடுப்பவருக்கு வருவது வேறு வகை, சிறுநீரக அழற்சி. பெரும்பாலும் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருக்கும்.

நம் கடற்கரை வெயிலில் வியர்வையும் வாந்தியும் சேர்ந்தால் உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்தாலோ, அரை நாளாகப் போகவில்லை என்றாலோ காத்திருக்காதீர்கள். இதய நோய் இருந்தால் தண்ணீர் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். வலிக்கு டைக்ளோபீனாக், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம்.