போட்ட காசு மண்ணிலிருந்து திரும்புமா?

கேள்வி: எனக்கு வயது 46. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து மெட்டல் டிடெக்டர் வாங்கும் ஆசை வந்துவிட்டது. விலையைக் கேட்டதும் என் மனைவி, “இதில் போட்ட காசு திரும்பி வருமா?” என்றார். “ஒரே வருடத்தில் எடுத்துவிடலாம்” என்று நானும் வாயை விட்டுவிட்டேன். வீட்டிலிருந்து கடற்கரைக்குப் போவது சுலபம். நண்பர் ஒருவருக்குத் தோட்டமும் இருக்கிறது. உண்மையிலேயே எடுக்க முடியுமா? முடியும் என்றால், விலை அதிகமான மெஷினாகவே வாங்கிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்த ‘ஒரே வருடம்’ என்ற வாக்கை முதலில் வாபஸ் வாங்கிவிடுங்கள். மெஷின் வாங்கிய காசைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தவர்கள் உண்டு. போக்குவரத்துச் செலவு, குனிந்து நிமிர்ந்த நேரம் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்த பிறகும் லாபம் என்று சொல்பவர்கள் அரிது. உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. உங்கள் பதில்தான் அவசரத்தில் வந்தது.

பத்து நிமிட வீடியோவில் மூன்று மோதிரம் வருகிறது என்றால், அதற்காகத் தோண்டிய நூற்றுக்கணக்கான பாட்டில் மூடிகளை எடிட்டிங்கில் வெட்டிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் நடப்பது இப்படி: ஹெட்போனில் தெளிவாக ஒரு ஒலி. காயிலை, அதாவது மெஷினின் அடியில் இருக்கும் வட்டத் தட்டை, குறுக்கும் நெடுக்குமாக அசைத்து இடத்தைக் குறித்துக்கொள்கிறீர்கள். முழங்காலிட்டு, ஓட்டை போட்ட கரண்டியால் மணலை அள்ளிச் சலிக்கிறீர்கள். ஒன்றுமில்லை. குழியின் மேல் மறுபடி காயிலைக் காட்டினால் ஒலி இன்னும் அங்கேயே இருக்கிறது. இன்னும் ஒரு கரண்டி. சலித்த பிறகு மிஞ்சுவது, யாரோ குளிர்பான கேனைத் திறந்து வீசிய அலுமினிய வளையம். அதைக் குப்பைப் பையில் போட்டு, குழியை மூடி, எழுந்து நான்கு அடி வைப்பதற்குள் அடுத்த ஒலி.

குப்பையை விட்டுவிடு என்று மெஷினுக்கே சொல்லிவிடலாமே என்று தோன்றும். சொல்லலாம். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. காயில் மண்ணுக்குள் ஒரு மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அது பட்டதும் உலோகத்துக்குள் சிறு மின்னோட்டங்கள் சுழல்கின்றன. அவை உண்டாக்கும் புலத்தை மெஷின் திரும்பக் கேட்கிறது. எவ்வளவு தாமதமாகத் திரும்பி வருகிறது என்பதை வைத்துத் திரையில் ஒரு எண்ணைக் காட்டுகிறது. அந்த எண் சொல்வது, பொருள் எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்துகிறது, எவ்வளவு பெரியது, எவ்வளவு தடிமன் என்பதை மட்டும்தான். என்ன உலோகம் என்று அதற்குத் தெரியாது. மெல்லிய தங்க மோதிரமும் சாக்லேட் சுற்றிய ஃபாயிலும் கேன் வளையமும் பெரும்பாலும் ஒரே எண் வரிசையில்தான் விழும். ஃபாயிலை ஒதுக்கச் சொன்னால் மெஷின் சமர்த்தாக மௌனமாகிவிடும். காலடியில் மோதிரம் கிடந்தாலும் மௌனமாகவே இருக்கும். தங்கம் வேண்டுமென்றால் குப்பையைத் தோண்டத்தான் வேண்டும். இந்தக் கூலியை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

புதையல் கதைகளும் உங்கள் காதில் விழுந்திருக்கும். அவை பொய்யல்ல. 2009இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷையரில் ஒரு வயலில் டிடெக்டருடன் போனவருக்கு ஆங்கிலோ-சாக்சன் காலத்துத் தங்கம் ஏறத்தாழ 4 கிலோ கிடைத்தது. அரசு நியமித்த குழு அதை 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு என மதிப்பிட்டது. பாதி கண்டெடுத்தவருக்கு, பாதி நிலத்தின் சொந்தக்காரருக்கு. 1980இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 27 கிலோவுக்கு மேல் எடையுள்ள தங்கக் கட்டி ஒன்று டிடெக்டரில் சிக்கியது. ஆனால் இங்கிலாந்தில் ஆண்டுதோறும் ‘புதையல்’ என்று பதிவாகும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்டெடுப்புகளில் பெரும்பாலானவை ஒரு உடைந்த ஊசிப்பதக்கமோ, நெளிந்த மோதிரமோதான். அதிலும் பாதி நிலத்துக்காரருக்குப் போய்விடும். லாட்டரியில் விழுந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டு பட்ஜெட் போடுவோமா?

இந்தக் கதைகளில் எனக்குப் பிடித்தது ஹாக்ஸன் (Hoxne) என்ற ஊரில் நடந்தது. 1992 நவம்பரில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். டிடெக்டர் வைத்திருந்த நண்பர் எரிக் லாஸ் தேடப் போனார். கிடைத்தது ரோமானியர் காலத்துத் தங்க, வெள்ளிக் காசுகள், கிட்டத்தட்ட 15,000. கொஞ்சம் எடுத்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார்கள். அதனால் தொல்லியலாளர்கள் மீதியை அடுக்குக் கலையாமல் எடுக்க முடிந்தது. மதிப்பு 17.5 லட்சம் பவுண்டு. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

புதையலை விடுங்கள், அவர் எதற்காக அந்த வயலுக்குப் போனார் என்று பாருங்கள். தொலைந்த பொருள் ஒன்று, தொலைந்த இடமும் ஏறக்குறைய தெரியும். டிடெக்டர் நம்பகமாகப் பலன் தரும் வேலை இதுதான். அலையில் கல்யாண மோதிரத்தை விட்டவர், புல்வெளியில் கார் சாவியைப் போட்டவர் – இவர்களுக்குத் தேடிக்கொடுத்து, அவர்கள் மனமுவந்து தரும் அன்பளிப்பை வாங்கிக்கொள்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், செலவைத் திரும்ப எடுக்க இதைவிடக் கௌரவமான வழி இந்தப் பொழுதுபோக்கில் இல்லை. எங்கே நின்றார்கள், தண்ணீர் எதுவரை இருந்தது, எந்தக் கை என்று கேட்கும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இனி உங்கள் இரண்டு இடங்கள். தோட்டத்தைவிடக் கடற்கரைக்கே என் ஓட்டு. அங்கே தினமும் புதிதாகத் தொலைகிறது. குளிர்ந்த நீரில் விரல் சுருங்குகிறது, உடம்பில் பூசிய க்ரீம் வழுக்குகிறது, மோதிரம் கழன்று போகிறது. உட்கார்ந்து எழும் உலர்ந்த மணலில் சில்லறை விழுகிறது. தங்கம் கனமானதால் மணலுக்குள் மெல்ல இறங்கி, அடியில் கெட்டியான படிவம் வந்தால் அதன்மேல் தங்கும். புயலோ பெரிய அலையோ மேல் மணலை அரித்துக்கொண்டு போனபின், கடல் சற்று அடங்கிய நாளில் போகிறவர்களுக்கு யோகம் அதிகம். மற்ற நாட்களில் கிடைப்பது சில்லறைதான். அதிலும் உப்பு அரித்துக் கறுத்த நாணயத்தைக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

மோதிரம் கிடைத்தாலும் கணக்கை நிதானமாகப் போடுங்கள். 3 கிராம் எடையுள்ள 14 கேரட் மோதிரத்தில் சுத்தத் தங்கம் 1.75 கிராம். கல் இருந்தால் எடை இன்னும் குறையும். பழைய நகை வாங்குகிறவர் தன் பங்கைக் கழித்துக்கொண்டுதான் தருவார். இப்படி எத்தனை மோதிரம் சேர்ந்தால் உங்கள் மெஷின் விலை வரும் என்று அன்றைய தங்க விலையை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையே பல ஆண்டுகளுக்கான வேலை என்று தெரியும். தவிர, உள்ளே பெயரோ தேதியோ பொறித்த மோதிரத்துக்கு எங்கோ ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். போலீஸில் ஒப்படைப்பதுதான் முறை.

நண்பரின் தோட்டத்தில் ஆணி, வேலிக் கம்பி, உழவு இயந்திரத்தின் போல்ட், குழாய்த் துண்டு என்று வரும். துருப்பிடித்த பெரிய இரும்பு சில சமயம் வெள்ளிக் காசு போலவே நல்ல ஒலி கொடுத்து ஏமாற்றும். பக்கத்தில் இரும்பு இருந்தால் மெஷின் திணறுவது இன்று நேற்றுச் சங்கதியல்ல. 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டைச் சுட்ட குண்டு உடலுக்குள் எங்கே இருக்கிறது என்று தேட, டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின என்பார்கள். தோட்டத்துக்குள் பழைய பாதையோ, ஒரு காலத்தில் ஜனங்கள் கூடிய மர நிழலோ இருந்தால் அங்கே மட்டும் பாருங்கள். வேறு எங்கும் மெனக்கெட வேண்டாம். தோண்டுமுன் பங்கு எப்படி என்று நண்பரோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நட்பு இருக்கிறதே என்று தயங்காதீர்கள். நட்பு இருப்பதால்தான் சொல்கிறேன்.

சட்டத்தை நான் கடைசியில் வைக்காததற்குக் காரணம் இருக்கிறது: லாபத்தை நஷ்டமாக்க அது ஒன்றே போதும். மண்ணுக்கடியில் கிடைத்தால் எடுத்தவருக்குச் சொந்தம் என்ற நினைப்பு பல நாடுகளில் செல்லாது. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி புதையல் என்று தெரிந்தால் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். 2015இல் கண்டெடுத்த வைக்கிங் காலத்துப் புதையலை அறிவிக்காமல் விற்கப் பார்த்த இருவர் 2019இல் சிறைக்குப் போனார்கள். ஒழுங்காகச் சொல்லியிருந்தால் பெரிய தொகை முறைப்படி வந்திருக்கும். அயர்லாந்தில் அனுமதியில்லாமல் டிடெக்டரை வைத்துத் தொல்பொருள் தேடுவதே குற்றம். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். எனவே நீங்கள் இருக்கும் இடத்தில் கடற்கரைக்கு என்ன விதி, யாரிடம் அனுமதி என்பதை மெஷினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரியுங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களின் பக்கமே போகாதீர்கள். குண்டு, ஷெல் மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல் விலகிப் போலீஸைக் கூப்பிடுங்கள்.

பழைய காசு கிடைத்தால் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வீட்டில் காட்டும் ஆசை வரும். சேகரிப்பவர்கள் விரும்புவது அந்த மங்கிய மேற்பூச்சைத்தான். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் அதன் மதிப்பில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

விலை அதிகமான மெஷினா? வேண்டாம். விலை இரண்டு மடங்கானால் ஆழம் இரண்டு மடங்காகாது. நல்ல மண்ணில், நடுத்தர மெஷினே ஒரு காசை 20 செ.மீ. ஆழம் வரை பிடித்துவிடும். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஈர உப்பு மணலே மின்சாரம் கடத்துவதால், ஒரே அலைவரிசையில் ஓடும் மலிவான மெஷின் அங்கே காரணமில்லாமல் கத்திக்கொண்டே இருக்கும். ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் வேலை செய்வதாகவும், காயில் மட்டுமின்றிக் கைப்பிடிப் பெட்டியும் தண்ணீர் தாங்குவதாகவும் பாருங்கள். காந்தப்புலத்தை விட்டுவிட்டுத் துடிப்புகளாக அனுப்பும் ‘பல்ஸ் இண்டக்‌ஷன்’ வகை மெஷின் உப்பு மணலில் ஆழம் போகும். ஆனால் தலையில் குத்தும் ஊசிக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாது. புதியவருக்கு அது முதுகுவலி. மிச்சப் பணத்தில் குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கையடக்க பின்பாயிண்டர் ஒன்றும் நல்ல மணல் கரண்டியும் வாங்குங்கள். நேரம் நிறைய மிச்சமாகும்.

செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் இன்னும் நல்லது. உங்கள் உண்மையான செலவு மெஷின் விலை அல்ல. வாங்கிய விலைக்கும் ஒருநாள் விற்கப்போகும் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான். அதோடு பேட்டரி, போக்குவரத்து. இந்தத் தொகையை மனைவியிடம் சொல்லுங்கள். ‘சம்பாதிப்பேன்’ என்பதைவிட ‘வருடத்துக்கு இவ்வளவு செலவாகும், கிடைப்பது அதில் கழியும்’ என்றால் அவருக்கும் முடிவெடுக்க வசதி. தூண்டிலும் கேமராவும் வாங்கியவர்களிடம் யாரும் இப்படிக் கணக்குக் கேட்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் ஒரு வருடத்தில் எடுத்துத் தருவதாகச் சொல்லி மாட்டிக்கொள்ளவில்லையே!

முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வாங்கினால் ரசீதையும் அட்டைப்பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள். விற்கும்போது அவை இருந்தால் நல்ல விலைக்குப் போகும்.