எஃப்ஏ கோப்பையை வென்ற போர்ட்ஸ்மத் இரண்டே ஆண்டுகளில் திவாலானது எப்படி?

2008-இல் இங்கிலாந்தின் முக்கியக் கால்பந்துப் போட்டியான எஃப்ஏ கோப்பையை வென்ற போர்ட்ஸ்மத் அணி 2010 பிப்ரவரியில் எப்படி நொடித்துப்போனது என்று கேட்டிருக்கிறீர்கள். வரவுக்கு மீறிய சம்பளமே அடிப்படைக் காரணம். ஏறத்தாழ 20,000 பேர் மட்டுமே அமரக்கூடிய ஃப்ராட்டன் பார்க் என்ற பழைய மைதானத்தின் வருமானத்தை வைத்துக்கொண்டு, பெரிய கிளப்புகளுக்கு இணையான ஊதியத்தை, உரிமையாளர் காய்டமாக்கின் பணத்தை நம்பி வழங்கினார்கள். அந்தக் கை பின்வாங்கியதும் எல்லாம் சரிந்தது.

2009–10 பருவத்தில் மட்டும் கிளப் காய்டமாக், அல் ஃபாஹிம், அல் ஃபராஜ், சைன்ராய் என நால்வர் கைமாறியது. இவர்களில் சைன்ராய், தாம் கொடுத்த கடனுக்கு ஈடாகவே கிளப்பைப் பெற்றார் என்பதிலிருந்து நிலைமையை ஊகிக்கலாம். வீரர்களின் சம்பளம் தாமதமானது. வரித்துறை நீதிமன்றம் சென்றது. நொடித்த நிறுவனங்களைக் கவனிக்க நியமிக்கப்படும் நிர்வாகியின் பொறுப்புக்குப் போன முதல் பிரீமியர் லீக் (இங்கிலாந்தின் முதல்நிலைப் பிரிவு) அணி என்ற பெயருடன் 9 புள்ளிகளும் பறிக்கப்பட்டு, அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. ஒரு கிளப் நொடித்தால், கால்பந்துக் கடன்கொடுத்தோர் விதிப்படி வீரர்களுக்கும் பிற கிளப்புகளுக்கும் முழுத்தொகை சேர வேண்டும். மைதானத்தில் முதலுதவி செய்த செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு நிறுவனமோ கிளப்பிடமிருந்து பணம் வரவேண்டிய மற்றவர்களோடு வரிசையில் நின்றது. 2013-இல் ரசிகர்களின் அறக்கட்டளையே கிளப்பை வாங்கியது.