கோலாலம்பூர்–சென்னை எத்தனை கிலோமீட்டர்? சுங்கை சிப்புட்டிலிருந்து பதில்கள்

தோட்டங்களில் ரொம்ப காலம் நில அளவை வேலை பார்த்தவன் என்பதால், விமான தூரம் பற்றிய கேள்விகளையும் எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள். சந்தோஷம்.

கேள்வி: ஐயா, கே.எல்.லிலிருந்து சென்னைக்கு ஒரு இடத்தில் 2,630 என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 1,420 என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. முதலாவது கிலோமீட்டர், அடுத்தது விமானிகள் பேசும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர்.

கேள்வி: அண்ணே, அட்லஸில் ரூலர் வைத்து அளந்தால் போதாதா?

போதாது. உருண்டையைத் தட்டையாக விரித்த படம் அது, தூரம் அதில் இழுபட்டுப் போகும். தமிழ்ப்பள்ளியில் இருக்கும் உலக உருண்டையை எடுங்கள், பூ கட்டும் நூலை கே.எல். மேல் ஒரு விரலால் அழுத்தி, மறுமுனையை லாஸ் ஏஞ்சலஸ் வரை இறுக்கிப் பிடியுங்கள்: நூல் பசிபிக் நடுவே போகாமல் மேலே ஏறி ஜப்பானைத் தொட்டுக்கொண்டு போவதைக் கண்ணால் பார்க்கலாம். அதுதான் பெருவட்டப் பாதை, பூமியின் மேல் இரண்டு ஊருக்கு இடையே அதைவிடக் குறுக்குவழி கிடையாது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை என்றால் நூலின் 1 சென்டிமீட்டர் கிட்டத்தட்ட 425 கிலோமீட்டர். சென்னைக்கு ஆறு சென்டிமீட்டர் நூலுக்குக் கொஞ்சம் மேலே போதும்.

கேள்வி: சார், படிவம் ஐந்து ப்ராஜெக்டுக்குக் கணக்காகவே போட வேண்டும்.

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை, பூமியின் சராசரி ஆரம் 6,371 கிலோமீட்டர், உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரம் காணும் ஹேவர்சைன் சூத்திரம், அவ்வளவுதான். பூமி துருவங்களில் சற்றுத் தட்டை (நடுக்கோட்டில் ஆரம் 6,378, துருவத்தில் 6,357), அதனால் அரை சதவீதம் வரை பிசகலாம், பள்ளிக்கு அது போதும். அதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால், அந்தத் தட்டையையும் கணக்கில் எடுக்கும் வின்சென்டி முறை, 1975-இல் வந்தது. ஒன்றில் மட்டும் கவனமாக இரும்மா: ஒரு பாகைக்கு 60 கலை, அதனால் 2 பாகை 45 கலை என்பது 2.45 இல்லை, 2.75. அங்கே தவறினால் 33 கிலோமீட்டர் தப்பாகும், எத்தனையோ பிள்ளைகள் இதில்தான் மார்க்கை விடுகிறார்கள்.

கேள்வி: திருச்சி தெற்கே இருக்கிறதே தம்பி, சென்னையைவிடக் கிட்டத்தானே?

இல்லை அக்கா, திருச்சி சுமார் 2,690. தெற்கே இருந்தாலும் இன்னும் மேற்கே தள்ளி இருக்கிறது.

கேள்வி: அப்பாவின் பழைய டிக்கெட்டிலும் கே.எல். விமான நிலையக் குறி 'கேயூஎல்' என்றுதான் இருக்கிறது. அதே தூரம்தானா?

எந்த வருஷம் என்று பாருங்கள். 1998 ஜூனில் சிப்பாங்கில் புதிய நிலையம் திறக்கும் வரை அந்தக் குறி சுபாங்குக்கு உரியது, இப்போது சுபாங் 'எஸ்இசட்பி'. இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், ஆகவே பழைய பட்டியலோடு புதியதை ஒப்பிடும்போது குறியை நம்பாமல் ஊரைப் பாருங்கள்.

கேள்வி: விமானம் உண்மையிலேயே அவ்வளவுதான் பறக்கிறதா?

இல்லை, அதைவிடக் கூடுதலாகவே பறக்கும். காற்றுக்கு எதிராக ஏறி அப்புறம் திரும்ப வேண்டும், வான்வழிப் பாதைகளில் வளைய வேண்டும், இடிமேகம் வந்தால் விலக வேண்டும், இறங்க இடமில்லாவிட்டால் சுற்ற வேண்டும். ஐரோப்பாவில் கார்பன் கணக்கு எடுக்கும்போது பெருவட்டத் தூரத்தோடு 95 கிலோமீட்டர் கூட்டிக்கொள்வது இதற்காகத்தான். ஆனால் தாமதத்துக்கு இழப்பீடு என்று வந்தால் அங்கேயே சட்டம் வெறும் பெருவட்டத் தூரத்தைத்தான் பார்க்கிறது, 1,500, 3,500 கிலோமீட்டர் என்று எல்லை வைத்து. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள், அதற்கேற்ற எண்ணைத் தருகிறேன்.