298 சரியா, 317 சரியா?

கேள்வி: எனக்கு வயது 36. தினமும் ஒன்பது மணி நேரம் ஏ.சி. அறையில் கணினி வேலை. ஒரு வருடமாகக் கண் எரிச்சல், மணல் விழுந்தது போல உறுத்தல். கண் மருத்துவமனையில் முதலில் இமைக்குள் பேப்பர் வைத்தார்கள், 14 மி.மீ. நனைந்தது, நார்மல் என்றார்கள். அடுத்து பேனா போன்ற கருவியால் கண்ணோரத்தைத் தொட்டார்கள். வலது கண் 298, இடது கண் 317. ‘கண் வறட்சி’ என்று எழுதிவிட்டார்கள். ஒரு கண் மட்டும் எப்படி மாறும்? மெஷின் கோளாறா? கண்ணீரிலேயே சர்க்கரையும் பார்க்கலாம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் 317-ஐச் சந்தேகப்படுகிறீர்கள். எனக்குச் சந்தேகம் 298 மீதுதான்.

அந்த எண் கண்ணீரின் ஆஸ்மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டர் கண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு முதலான பொருட்களின் செறிவு, அலகு மில்லிஆஸ்மோல். தண்ணீர் ஆவியாகிக்கொண்டே போனால் மிச்சமிருக்கும் கண்ணீர் கரிக்கும், எண் ஏறும். எந்தக் கண்ணிலாவது 308 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, இரு கண்களுக்கும் இடையே 8-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, கூடவே உங்களைப் போல எரிச்சலும் உறுத்தலும் இருந்தால், கண் வறட்சிக்குச் சாதகமான முடிவு என்று கொள்கிறோம். உங்களுக்கு வித்தியாசமே 19. இரண்டையும் கூட்டிச் சராசரி பார்க்கும் வழக்கம் இதில் கிடையாது. அதிகமாக உள்ள கண்ணின் எண்ணைத்தான் எடுத்துக்கொள்வோம். நல்ல கண்களில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, மறுபடி எடுத்தாலும் பெரிதாக மாறாது. வறண்ட கண்ணில் கண்ணீர்ப் படலம் அங்கங்கே கிழிந்து கிழிந்து சேர்வதால், ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் செறிவு மாறும். ஆகவே எண் நிலையில்லாமல் இருப்பதே நோயின் ஓர் அடையாளம்.

ஒரு கண்ணில் இருக்கும் மொத்தக் கண்ணீரே சுமார் 7 மைக்ரோலிட்டர்தான். அந்தப் பேனா எடுப்பது 50 நானோலிட்டர், அதாவது ஒரு மைக்ரோலிட்டரில் இருபதில் ஒரு பங்கு. முனையில் உள்ள சிப்பில் மயிரிழை போன்ற வாய்க்கால் இருக்கிறது. விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல அது கண்ணீரைத் தானாக இழுத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் மின்முனைகள் சிறு மின்னோட்டம் செலுத்திப் பார்க்கும். உப்பு கூடினால் மின்சாரம் எளிதாகப் பாயும். அதைக் கணக்கிட்டுத்தான் எண் வருகிறது.

இவ்வளவு குறைந்த அளவில் வேலை செய்வதால், பிழை பெரும்பாலும் எடுக்கும் விதத்தில் நுழைகிறது. நோயாளி முகவாயைச் சற்று உயர்த்தி மேலே பார்க்க வேண்டும். கீழிமை விளிம்புக்கும் விழிக்கும் நடுவே ஓடும் ஈரக்கோட்டை, காதுப்பக்க ஓரத்தில் முனை தொட்டால் போதும். இமையைக் கீழே இழுக்கவோ அழுத்தவோ கூடாது, விழியைத் தொடவும் கூடாது. உறுத்தினால் கண் கலங்கும். அப்படி வரும் புதுக் கண்ணீர் நீர்த்தது, எண்ணைக் குறைத்துக் காட்டும். பொய்யாக உயர்வது அவ்வளவு சாதாரணமில்லை. எடுத்த துளியை உடனே கருவியில் பொருத்தாமல் தாமதித்தால் ஆவியாகி ஏறலாம். ஒவ்வொரு கண்ணுக்கும் புது சிப் வேண்டும்.

உங்கள் விஷயத்தில் வரிசையே தலைகீழ். முதலில் வைத்த பேப்பர் (ஷிர்மர் சோதனை), அதை 5 நிமிடம் இமையோரத்தில் தொங்கவிட்டாலே கண் கலங்கும். அதன் பிறகு எடுத்த கண்ணீரில் 317 வந்திருக்கிறது என்றால், அசல் அளவு இன்னும் கூடுதலாக இருந்திருக்க வாய்ப்புண்டு. 298-உம் கலங்கிய கண்ணீரின் அளவாக இருக்கலாம். பேனா சோதனை முதலில், சாயச் சொட்டு, பிரகாசமான விளக்கு, பேப்பர் எல்லாம் பிறகு என்பதுதான் சரியான முறை. 14 மி.மீ. வந்ததில் முரண்பாடு இல்லை. பேப்பர் சொல்வது அளவை மட்டும். கண்ணீர் போதுமான அளவு சுரந்தும், இமையின் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருந்தால் அது சீக்கிரம் ஆவியாகிவிடும். கணினி முன் கண் சிமிட்டுவது குறைவதும், ஏ.சி. காற்றும் அதைக் கூட்டும்.

மறுபடி எடுக்கும் முன், குறைந்தது 2 மணி நேரம் எந்தச் சொட்டும் போடாதீர்கள். மையும் வேண்டாம். இதே கருவியில், இதே நேரத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். இமைச் சுரப்பிகளை அமுக்கிப் பார்க்கவும், படலம் எத்தனை வினாடியில் உடைகிறது என்று பார்க்கவும் கேளுங்கள். 10 வினாடிக்குள் உடைந்தால் குறைவு. வாய் வறட்சி, மூட்டு வலி இருந்தாலோ, சளி, அலர்ஜி மாத்திரை சாப்பிட்டாலோ மறைக்காமல் சொல்லுங்கள்.

சிலர் எம்.எம்.பி.-9 சோதனையும் செய்வார்கள். அழற்சி இருந்தால் கண்ணீரில் கூடும் ஒரு நொதி அது. கீழிமையின் உட்புறத்தில் ஆறேழு இடத்தில் பஞ்சு போன்ற முனையை ஒற்றி எடுத்து, கரைசலில் 20 வினாடி நனைத்து, 10 நிமிடம் கழித்துப் பார்ப்பது. நீலக் கோடு தெரிந்தால் சோதனை செல்லும். கூடவே சிவப்புக் கோடு மங்கலாகத் தெரிந்தாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 நானோகிராமோ அதற்கு மேலோ என்று பொருள். கண்ணீர் போதாவிட்டால் சிவப்பு வராமலே போகும். வந்தாலும் அது வறட்சிதான் என்று சொல்லிவிட முடியாது. அலர்ஜியிலும் கிருமித்தொற்றிலும் வரும்.

சர்க்கரை விஷயம்: கண்ணீரில் குளுக்கோஸ் இருக்கிறது, ஆனால் ரத்தத்தைவிட மிகக் குறைவு. கண் கலங்கினால் அதுவும் நீர்த்துப்போகும். 2014-இல் கூகுள் அறிவித்த சர்க்கரை அளக்கும் காண்டாக்ட் லென்ஸ் திட்டத்தை, அதை நடத்திவந்த வெரிலி நிறுவனம் 2018-இல் நிறுத்திவிட்டது. கண்ணீர் அளவும் ரத்த அளவும் நம்பும்படி ஒத்துப்போகவில்லை. இப்போதைக்கு விரல் நுனியில் குத்திப் பார்ப்பதை விட்டுவிட வேண்டாம்.