ஈரானிலிருந்து சோலார் ஆர்டர்: எடுக்கலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர்: "சோலார் பேனலைத் தாங்கும் ஜி.ஐ., அலுமினிய ஸ்ட்ரக்சர் செய்கிறோம், சின்ன யூனிட்தான். துபாய் டிரேடர் ஒருவர் ஈரானில் 10 மெகாவாட் ப்ராஜெக்ட்டுக்கு விலை கேட்கிறார். 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி திர்ஹாமில் தருவார்களாம். எண்ணெய் கொழிக்கும் நாட்டுக்கு சோலார் எதற்கு? ஏமாற்று வேலையா?"

தேவை நிஜம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். உலகிலேயே ரஷ்யாவுக்கு அடுத்து அதிக எரிவாயு இருப்பு ஈரானில்தான். மின்சாரத்தில் பெரும்பங்கு அந்த வாயுவிலிருந்தே வருகிறது. ஆனால் வாயுவும் கரண்டும் தண்ணீர் விலைக்குக் கிடைப்பதால் செலவும் தண்ணீராய்த்தான் ஆகிறது. குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கவே வாயு போதாமல், மின்நிலையங்கள் மசூத் என்ற கனமான உலை எண்ணெயை எரிக்கின்றன. நகரங்களில் மூச்சு முட்டுகிறது. கோடையில் ஏசி ஓடத் தொடங்கியதும் முறை வைத்துக் கரண்ட் கட். 2012-இல் கோவையில் மோட்டார் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கும் முதல் அடி சிமென்ட், எஃகு ஆலைகளுக்குத்தான். போதாததற்கு, 1 மெகாவாட்டுக்கு மேல் இழுக்கும் ஆலைகள் தேவையில் ஒரு பகுதியைப் புதுப்பிக்கத்தக்க மின்சாரமாகக் காட்ட வேண்டும் என்று 2022-இல் சட்டமும் வந்தது. உங்களிடம் விலை கேட்பது அப்படி ஓர் ஆலையாகவே இருக்கலாம்.

இதற்கு அரசு சொல்லும் கணக்கு வேறு. 2021-இல் வந்த அதிபர் ரயீசியின் அரசு, நான்கு ஆண்டில் 10,000 மெகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்றது. 2024-இல் அவர் இறந்தபோது, பழையதையும் சேர்த்து நாட்டில் இருந்தது சுமார் 1,200. அடுத்து வந்த பெசஷ்கியான் அரசு 30,000 என்கிறது. சீனப் பேனல்கள் இறங்கியதில் 2025-இல் வேகம் கூடியது உண்மை. ஆனாலும் அந்த 30,000-ஐ நம்பி நீங்கள் புதிதாக ஒரு மெஷின் வாங்கிப் போட வேண்டாம்.

அங்கே வெயிலுக்குக் குறைச்சல் இல்லை. காற்றுக்கும் இல்லை, கிலான் மாகாணத்து மஞ்சிலில் 1990களிலிருந்தே காற்றாலைகள் சுற்றுகின்றன. சிக்கல் எப்போதும் பணம் போய்வரும் வழியில்தான். அணுத் திட்டத்தைக் கட்டுப்படுத்தினால் தடை தளரும் என்று ஈரான் வல்லரசுகளோடு செய்துகொண்ட அணு ஒப்பந்தம் உயிரோடு இருந்தபோது பிரிட்டனின் குவெர்கஸ் நிறுவனம் 600 மெகாவாட் சோலார் நிலையம் கட்டத் திட்டமிட்டது. 2018 மே மாதம் அமெரிக்கா ஒப்பந்தத்திலிருந்து விலகியது. ஆகஸ்டில் குவெர்கஸ் வேலையை நிறுத்திவிட்டது.

உங்கள் வாடிக்கையாளருக்கு வருமானம் ரியாலில் வரும். அணு ஒப்பந்தம் முடிவான 2015-இல் வெளிச்சந்தையில் டாலருக்குச் சுமார் 33,000 ரியால். 2025 மார்ச்சில் அது 10 லட்சத்தைத் தாண்டியது. மனிதர் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும், மீதி 70 சதவீதத்தைத் திர்ஹாமில் புரட்ட அவர் படும் பாட்டை யோசித்துப் பாருங்கள்.

இந்தியாவும் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. 2012 முதல் ஈரானிய எண்ணெய்க்கான பணம் யூகோ வங்கியில் ரூபாயாகச் சேர்ந்தது. அதிலிருந்து நம் ஏற்றுமதியாளர்களுக்குக் கிடைத்தது. 2019 மே மாதத்தில் எண்ணெய் வாங்குவது நின்றது, கணக்கும் வற்றியது. பாசுமதி அரிசி அனுப்பியவர்களே பணத்துக்குக் காத்துக் கிடந்தார்கள். அரிசி உணவுப்பொருள், அதற்கு அமெரிக்கத் தடையில் விலக்கு உண்டு. உங்கள் சரக்குக்கு அது கிடையாது.

எனக்குப் பெரிய பயம் இங்கேதான். சோலார் என்றால் பச்சை ஆற்றல், தடை இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். ஐ.எஃப்.சி.ஏ. எனப்படும் அமெரிக்கச் சட்டம் ஈரானின் எரிசக்தித் துறையோடு எஃகையும் அலுமினியத்தையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கச்சா, பாதி முடிந்த உலோகம் என்பது அதன் வாசகம். துளை போட்டு, போல்ட்டோடு கிட்டாக அனுப்பும் ஸ்ட்ரக்சர் ஒரு ரகம்; வெட்டாத நீள அலுமினிய செக்‌ஷன் வேறு ரகம். இன்வாய்ஸில் ஒரு வரி மாறினால் கதை மாறிவிடும். 'முடிந்த பொருள்' என்றாலும் தப்பியதாக அர்த்தமில்லை. 2020 ஜனவரியில் வந்த அமெரிக்க அதிபரின் ஆணை ஈரானின் கட்டுமானம், உற்பத்தித் துறைகளையும் உள்ளே இழுத்தது. இன்வெர்ட்டரும் சேர்த்து அனுப்பச் சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் அமெரிக்க சிப்புக்குத் தனி விதி இருக்கிறது. 2025 செப்டம்பர் கடைசியில் ஐ.நா. தடைகளும் திரும்பிவிட்டன.

அப்புறம் அந்த துபாய் டிரேடர். "பில்லில் துபாய் துறைமுகம் ஜெபல் அலி என்று போடுங்கள், அங்கிருந்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பார். போடாதீர்கள். சரக்கு போகும் இடம் உங்களுக்குத் தெரியும் என்பதற்கு வாட்ஸ்அப்பே சாட்சி சொல்லும். 2025 ஜூலையில் ஈரானிய பெட்ரோகெமிக்கல் வாங்கியதாக ஆறு இந்திய நிறுவனங்களை அமெரிக்கா தடைப்பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் பெயர் வந்தால் ஈரான் ஆர்டர் மட்டுமா போகும்? உங்கள் ஐரோப்பிய வாடிக்கையாளரும் போனை எடுக்க மாட்டார்.

சுத்தமாக வேண்டாம் என்று சொல்லிவிட எனக்கும் மனம் வரவில்லை, ஆனாலும் 10-க்கு 9 பேருக்கு அதைத்தான் சொல்வேன். இன்னும் ஆசை இருந்தால், ப்ராஜெக்ட் உரிமையாளரின் முழுப் பெயரையும் பங்குதாரர் விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள். முஸ்தசஃபான் அறக்கட்டளை, ஆஸ்தான் குத்ஸ் என்ற மத அறக்கட்டளை, புரட்சிக் காவல் படையின் கட்டுமான நிறுவனமான காத்தம் அல்-அன்பியா போன்றவற்றின் கை அங்கே பல தொழில்களில் இருக்கிறது. மூன்றும் அமெரிக்கத் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டவை. பெயர் தர டிரேடர் தயங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. தந்தால் அதை எடுத்துக்கொண்டு தடைச் சட்டம் தெரிந்த வக்கீலையும், பிறகு உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளையையும் பாருங்கள். இந்தப் பணத்தை வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். மேனேஜர் வாயால் 'சரி' என்றால் போதாது, மெயிலில் வாங்குங்கள். அது வரும்வரை புரோஃபார்மா இன்வாய்ஸ்கூட அனுப்ப வேண்டாம்.