ஏஎம்ஹெச் 0.8 என்றால் சொந்த முட்டையில் ஐவிஎஃப் பலிக்காதா?

32 வயதில் ஏஎம்ஹெச் என்ற ஹார்மோன் 0.8 வந்திருக்கிறது, வேறொரு பெண் தரும் தானமுட்டைக்குப் போகச் சொல்கிறார்கள், சொந்த முட்டையில் ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கும் சிகிச்சை) செய்தால் வாய்ப்பே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு 33 வயதில் 0.9 வந்தது. ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு லேப் வாசலிலேயே அழுதேன். நான் டாக்டர் இல்லை, மூன்று வருடம் இந்த எண்களோடு வாழ்ந்தவள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

சினைப்பையில் முட்டைகளைத் தாங்கி இருக்கும் சின்னச் சின்னப் பைகளான ஃபாலிக்கிள்கள்தான் ஏஎம்ஹெச்சைச் சுரக்கின்றன. அவை குறைந்தால் அதுவும் குறையும். ஆக, முட்டைகளை வளர்க்கும் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கலாம் என்பதற்கு அது நல்ல கணக்கு. அந்த முட்டைகள் நன்றாக இருக்குமா என்பதை அது சொல்லாது. அதைப் பெரும்பாலும் முடிவு செய்வது வயது. வயது ஏற ஏற, குரோமோசோம் எண்ணிக்கை பிசகிய முட்டைகள் கூடிக்கொண்டே போகும். 32 வயதில் கிடைக்கும் நான்கு முட்டையும் 42 வயதில் கிடைக்கும் நான்கு முட்டையும் ஒன்றில்லை. உங்கள் வயது உங்களுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று யாராவது சொன்னார்களா?

2017-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. குழந்தையின்மைப் பிரச்சினை இருந்திராத, 30 முதல் 44 வயது வரையான சுமார் 750 பெண்களைப் பார்த்தார்கள். ஏஎம்ஹெச் 0.7-க்குக் கீழே இருந்தவர்களுக்கும் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறையவில்லை. ஆனால் அவர்கள் சிகிச்சையில் இருந்தவர்கள் இல்லை. ஐவிஎஃப்பில் முட்டை குறைந்தால் எம்ப்ரியோவும் (கருவும்) குறையும், ஒரு தடவைக்குப் பதில் இரண்டு மூன்று தடவை போக வேண்டி வரலாம். பணமும் மனசும் கரையும் இடம் அதுதான்.

நிறைய முட்டை இருந்தாலும் நிம்மதி என்று சொல்ல முடியாது. என் நாத்தனாருக்குச் சின்ன ஃபாலிக்கிள்கள் அதிகமாக இருக்கும் பிசிஓஎஸ் பிரச்சினை, ஏஎம்ஹெச் 9. இருபதுக்கு மேல் முட்டை எடுத்தார்கள். வயிற்றில் நீர் கோத்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எம்ப்ரியோ வைப்பதையே தள்ளிப்போட்டார்கள்.

எனக்கு முதல் தடவை ஐந்து முட்டை, இரண்டு எம்ப்ரியோ. முட்டை எடுப்பதற்கு முன் அவற்றை முதிர வைக்கும் டிரிகர் ஊசி போட்ட அன்று புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோன் 1.9. அது என்ன என்று யாரும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. உடனே எம்ப்ரியோ வைத்தார்கள், ஒட்டவில்லை. பிறகு வேறொரு டாக்டர் ஃபைலைப் புரட்டி அந்த வரியில் விரலை வைத்தார். அந்த நாளில் 1.5-க்கு மேல் போனால் கர்ப்பப்பையின் உட்படலம் எம்ப்ரியோவை முந்திக்கொண்டு முதிர்ந்துவிடும், அப்போது உறைய வைத்து அடுத்த மாதங்களில் வைப்பது நல்லது என்றார். என் முதல் தோல்விக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. நல்ல எம்ப்ரியோகூட ஒட்டாமல் போகும். ஆனாலும் அந்த எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேனே என்று இன்றும் வலிக்கிறது. அடுத்த தடவை நான்கு முட்டைதான். அதில் ஒன்று ஐந்தாம் நாள் வரை வளர்ந்தது. உறைய வைத்து, இரண்டு மாதம் கழித்து வைத்தார்கள். என் மகளுக்கு இப்போது நான்கு வயது.

1978-இல் பிறந்த உலகின் முதல் ஐவிஎஃப் குழந்தை லூயிஸ் பிரவுனும் ஒரே ஒரு முட்டையில் உருவானவர்தான். ஊசி போட்டு முட்டைகளைப் பெருக்கவில்லை. அவருடைய அம்மாவுக்கு அடைப்பு கருக்குழாயில், முட்டையில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் காத்திருந்த நாட்களில் அந்த ஒற்றை முட்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் ரிப்போர்ட்டில் அலகைப் பாருங்கள். நானோகிராமில் (ng/mL) 0.8 என்பது பிகோமோலில் (pmol/L) சுமார் 5.7, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஏஎம்ஹெச் இறங்கிக் காட்டும். மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாள் ஸ்கேனில் ஃபாலிக்கிள் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். அன்றே ஃபாலிக்கிள்களை வளரத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனோடு எஸ்ட்ராடையால் ஹார்மோனையும் பாருங்கள், ஏனென்றால் எஸ்ட்ராடையால் கூடுதலாக இருந்தால் எஃப்எஸ்ஹெச் நன்றாக இருப்பதுபோல் ஏமாற்றும். கணவருடைய விந்துப் பரிசோதனையும் தள்ளிப்போகக் கூடாது.

தானமுட்டை தவறான வழி இல்லை. என் தோழி அப்படித்தான் அம்மா ஆனாள். உங்களுக்கு 42 வயது என்றால் நானே அதைப் பற்றிச் சீக்கிரம் யோசிக்கச் சொல்லியிருப்பேன். 32-இல், இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து அந்த முடிவு வேண்டாம். ஆனால் வருடக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். இந்த மாதமே ஃபைலை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரைப் பாருங்கள்.